ஒட்டினால் மட்டும் போதுமா?

ரயில்வேயில் டிப்ளமோ இன்ஜினியராகச் சேர்ந்து 36 வருஷம் பெட்டிகளையும் வேகன்களையும் பராமரித்தவன் நான். வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே எங்கள் ஆட்கள் இரு பக்கமும் நின்று பார்ப்பார்கள். 'ரோலிங்-இன் எக்ஸாமினேஷன்' என்று பெயர். அடியில் ஏதாவது பாகம் தொங்குகிறதா என்று கவனிப்பது அதில் முக்கியம். தொங்கும் பாகம் தண்டவாளத்தில் விழுந்தால் வண்டியே தடம் புரளலாம். இதை எத்தனையோ இளைஞர்களுக்குப் பாடமாகச் சொன்னவன், சொந்தக் காரில் கோட்டை விட்ட கதை இது.

சென்ற ஜனவரியில் மகன் புதுக் கார் வாங்கினான். பெயிண்டில் கீறல் விழக் கூடாது என்று, பணத்தைக் கொட்டி வண்டி முழுவதும் பி.பி.எஃப். என்கிற பாதுகாப்பு பிலிம் போட்டான். பார்க்கிங்கில் கதவு இடிபடுமே என்று நான் கரோல் பாக் போய் சைடு பீடிங் வாங்கி வந்தேன். டபுள் சைடு டேப் அதன் பின்னாலேயே ஒட்டியிருந்தது. "மாமா, பிலிம் போட்டவரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றாள் மருமகள். "ரயில் பெட்டியையே பார்த்தவனுக்கு இது என்னம்மா பிரமாதம்!" என்றேன். பிலிம் போட்ட மூன்றாம் நாள் காலை, டில்லிப் பனியில் கை விறைக்க நானே ஒட்டினேன்.

மறுநாள் மதுராவுக்குக் கிளம்பினோம். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் 'பட்' என்று ஒரு சத்தம். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் தள்ளாடி ஓரமாய்ப் போய் நின்றது. கணவன், மனைவி, நடுவில் சிறு குழந்தை. ஒரு மீட்டர் நீள பீடிங் அவர்கள் சக்கரத்துக்கு முன்னால் விழுந்திருக்கிறது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த இளைஞர் திட்டவில்லை. "அங்கிள்ஜி, ஸாத் மே பச்சா ஹை" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

பிறகு உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன். இந்த பிலிம் பாலியூரித்தேனால் ஆனது. கனம் 0.2 மில்லிமீட்டர் அளவுதான். அழுக்கும் பறவை எச்சமும் ஒட்டாதபடி மேலே ஒரு பூச்சு இருக்கும். அழுக்கை ஒட்டவிடாத பூச்சு டேப்பை மட்டும் எப்படி ஒட்டவிடும்? டேப் நன்றாகப் பிடித்தாலும் சிக்கல்தான். டேப் பிலிமைப் பிடிக்கிறது. பிலிம் பெயிண்டைப் பிடிக்கிறது. பின்னால் உரித்து எடுக்க வசதியாகச் செய்த பசை அது. ரயில் கப்ளிங் மாதிரி, எது பலவீனமோ அதுதான் முதலில் விடும். எங்கள் வண்டியில் ஒரு கதவில் டேப் விட்டது. மறு கதவில் பிலிமே தூக்கிக்கொண்டு நின்றது.

இது போதாதென்று என் அவசரம் வேறு. பிலிமை சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் போடுகிறார்கள். அந்த ஈரம் முழுவதும் காயப் பல நாள் ஆகும். டேப்பும் குளிரில் சரியாகப் பிடிக்காது. சுமார் 20 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். முழு பலம் வர 72 மணி நேரம் ஆகும்.

வாசக அன்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். பீடிங், ஸ்பாய்லர் எது வேண்டுமானாலும் பிலிம் போடுமுன்பே பொருத்திவிடுங்கள். சுற்றி வெட்டி பிலிம் போட்டுத் தருவார்கள். பிலிம் ஏற்கெனவே இருந்தால், டேப் படும் இடத்தில் மட்டும் அதை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே பிளேடு வைக்காதீர்கள், பெயிண்டில் கோடு விழும். வாரண்டி போகுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன எழுத்து, சின்னம் போன்ற எடையில்லாதவற்றை பிலிம் மேலேயே ஒட்டலாம். ஆனால் பிலிம் போட்டுச் சில வாரம் கழித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்து, காயவிட்டு, நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். மூன்று நாள் வண்டியைக் கழுவ வேண்டாம். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல், ஹேர் டிரையரால் சூடு காட்டி, மீன்பிடி நரம்பால் மெல்ல அறுத்தெடுங்கள்.

எங்கள் காரில் இப்போது பீடிங் இல்லை. ஆனாலும் கிளம்புமுன் ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பார்க்கிறேன். "தாத்தா, சிக்னல் கிடைச்சாச்சா?" என்று உள்ளிருந்து கேட்கிறான் பேரன்.