ஒரு புள்ளியின் கணக்கு

ராசிபுரம் பக்கம் மரவள்ளி பயிரிடும் நம் பங்குக் குடும்பத் தலைவர் ஒருவர், மண்வள அட்டையைக் கையில் ஏந்தி நம்மிடம் வந்தார். “சாமி, பி.எச். என்று எனக்கு 8.4 போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் காட்டுக்காரருக்கு 7.4. ஒரு புள்ளிதானே கூட இருக்கிறது! என் பயிர் மட்டும் ஏன் வெளுக்கிறது?” என்றார். இலை மஞ்சளானதைக் கண்டு இருமுறை யூரியா இட்டு, அதற்காகக் கடனும் பட்டிருந்தார்.

பி.எச். என்னும் இவ்வளவை 1909-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு வேதியியலார் சோரன்சன் வகுத்தார். அவர் பணிபுரிந்த கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடம் பீர் ஆலை ஒன்றைச் சார்ந்தது! ஒரு லிட்டர் தூய நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள், ஒரு மோலில் கோடியில் ஒரு பங்கே. கோடிக்குச் சுழிகள் ஏழு. ஆகவே தூய நீரின் எண் 7. பத்து லட்சத்தில் ஒரு பங்காயின் சுழி ஆறு, அது அமிலம். பத்துக் கோடியில் ஒரு பங்காயின் சுழி எட்டு; அது காரம். எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2, நம் குருதி 7.4, தெளிந்த சுண்ணாம்பு நீர் 12. எனவே அன்பர் எளிதாக எண்ணிய ஒரு புள்ளி, உண்மையில் பத்து மடங்கு வேற்றுமையாகும்.

இல்லத்தரசியர்க்கு இது முற்றிலும் புதிதன்று. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு இட்டவுடன் சிவக்கிறதன்றோ? எலுமிச்சை பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். ஆயினும் மஞ்சள், காரம் உண்டென்று காட்டுமேயன்றி எவ்வளவு என்று உரைக்காது.

சேலம், நாமக்கல் சமவெளியில் சுண்ணாம்பு கலந்த நிலங்கள் பல. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் நீரில் கரைவதில்லை. வேரால் உறிஞ்ச இயலாது. அப்போது இளந்தளிரின் நரம்புகள் பச்சையாய் நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். தழைச்சத்துக் குறைவாயின் முதிர்ந்த இலையே முதலில் மஞ்சளாகும். அன்பர் கொணர்ந்த கிளையில் வெளுத்திருந்தவை தளிர்களே. யூரியா வீணாயிற்று. இதற்கு மருந்து, நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்புத்தான். மண்ணில் இட்டால் அதுவும் விரைவில் கரையா நிலையை அடைந்துவிடுமாதலால், கரைத்து இலைமேல் தெளிக்க வேண்டும். அளவை ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் அலுவலரிடமோ கேட்டறிதல் நலம். மிகுந்தால் இலை கருகும்.

எண் 8.5-ஐத் தாண்டினால் கதை வேறு. அது சோடியம் மிகுந்த களர் நிலமோ என்று ஐயுற வேண்டும். அதற்கு ஜிப்சமும் தக்கைப்பூண்டும் உதவும்.

“ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் புளிப்பாயிற்றே, அதைப் பாய்ச்சினால் காரம் தணியாதா?” என்றும் கேட்டார். கூரிய கேள்விதான். ஆனால் சுண்ணாம்பு மண் அப்புளிப்பை விழுங்கிவிட்டுப் பழைய எண்ணிலேயே நிற்கும். அழுகும் பொருள்களோ கிணற்று நீரைக் கெடுக்கும். வேண்டாம் என்று தடுத்தோம்.

அடுத்த திங்கள் அவர் காட்டுக்குச் சென்றிருந்தோம். தெளித்த பின் விட்ட தளிர்கள் பச்சையாய் இருந்தன. யூரியாக் கடன் மட்டும் இன்னும் தீரவில்லை.