பயம் தெரிந்தவர்களின் ஆட்டம்

திருப்பூரை அடுத்த அலகுமலையில் ஜல்லிக்கட்டு நடக்கிற நாளில், எண் போட்ட பனியனோடு வாடிவாசல் ஓரம் நிற்கும் இளைஞர்களைப் பயமே அறியாதவர்கள் என்றுதான் கூட்டம் வியக்கிறது. போர்ச்சுகலின் நசாரே கடற்கரையில் பேரலைகளில் சறுக்கி இறங்குகிறவர்களுக்கும் இதே பட்டம்தான். செபாஸ்டியன் ஸ்டூட்னர் 2020 அக்டோபரில் அங்கே 26 மீட்டர் உயர அலையில் சறுக்கினார். ஏறக்குறைய எட்டு மாடி உயரம். அந்தப் பட்டம் இரு தரப்புக்குமே பொருந்தாது. பயத்தைச் சரியாக வாசிக்கத் தெரிந்தவர்கள் என்பதுதான் அவர்களுக்குப் பொருத்தம்.

வாடிவாசலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாலே இது விளங்கும். கைதேர்ந்த மாடுபிடி வீரர் காளைக்கு நேர் எதிரே நிற்பதில்லை. பக்கவாட்டில் ஒட்டி நிற்கிறார். வெளியே வருவது நேரே ஓடுகிற மாடா, நின்று விளையாடுகிற மாடா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கணிக்கிறார். நின்று விளையாடுகிற மாடு என்றால் பெரும்பாலும் ஒதுங்கிவிடுகிறார். கொம்பையோ வாலையோ தொடக்கூடாது, திமிலை மட்டுமே அணைய வேண்டும் என்ற விதியில், அரை நொடி பிந்தினால் கைக்குத் திமில் கிடைக்காது, வயிற்றுக்குக் கொம்புதான் கிடைக்கும். எதைப் பிடிப்பது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் இங்கே பெரிய வித்தை. அலைச்சறுக்கு வீரர்களும் அப்படித்தான். மூச்சடக்கப் பழகி, காற்று நிரம்பும் கவச உடை அணிந்து, மீட்க ஜெட் ஸ்கீயோடு ஆளை நிறுத்தி வைத்துவிட்டு, பல அலைகளைப் போகவிட்டு ஒன்றைத் தேர்கிறார்கள். இத்தகைய ஆபத்தான விளையாட்டுக்காரர்களைப் பேட்டி கண்டு ஆராய்ந்த உளவியலாளர் எரிக் பிரைமரிடம், பயம் தங்களுக்கு உண்டு என்றும் அதுதான் தங்களை விழிப்பாக வைக்கிறது என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பயமின்மை பிறவிக் குணம் என்று வாதிடுவோர் உண்டு. பரபரப்பைத் தேடும் இயல்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்று உளவியலாளர் மார்வின் சுக்கர்மன் 1960-களிலேயே அளவுகோல் வகுத்தார். கயிறில்லாமல் பாறை ஏறும் அலெக்ஸ் ஹானோல்டின் மூளையை ஸ்கேன் செய்தபோது, பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதி கோரமான படங்களைப் பார்த்தும் அசையவில்லை. ஆனால் அது ஒரே ஒருவரின் மூளை. அவர் பிறந்ததே அப்படியா, பல வருடப் பழக்கத்தில் அப்படி ஆனாரா என்பதை அந்த ஸ்கேன் சொல்லாது. அலைச்சறுக்கு வீராங்கனை மாயா கபேய்ரா 2013-இல் நசாரேயில் நினைவிழந்து, உயிர் போகும் நிலையில் மீட்கப்பட்டார். முதுகில் அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டு திரும்பி வந்து, 2020-இல் அதே இடத்தில் 22.4 மீட்டர் அலையில் சறுக்கினார். பயம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது என்று யாரால் சொல்ல முடியும்?

ஜல்லிக்கட்டுக் களத்தில் பைக்கும் காரும் பரிசாக நிற்கையில், மைக்கில் சீண்டல் ஒலிக்கையில், கணிப்பு பிசகாதா? பிசகும்தான். தேர்ந்தவர்களும் சாகிறார்கள், கலிபோர்னியாவின் மேவரிக்ஸில் 1994-இல் இறந்த அலைச்சறுக்கு வீரர் மார்க் ஃபூ, அனுபவத்தில் யாருக்கும் குறைந்தவரல்ல. இருந்தாலும் ஜல்லிக்கட்டுச் சாவுகளில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் மாட்டு உரிமையாளர்களும் அடிக்கடி இடம்பெறுவதைக் கவனிக்க வேண்டும். களத்தில் இறங்குகிறவருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. குடித்திருந்தால் வெளியே அனுப்புகிறார்கள். தடுப்பில் தொங்கிக்கொண்டு செல்போனில் படம் பிடிப்பவரை யாரும் பரிசோதிப்பதில்லை, அவருக்குப் பயமும் இல்லை.