பழைய ஜீப்பில் வின்ச் மாட்டலாமா? முதலில் ஃப்ரேமைப் பாருங்கள்!

ஆன்லைனில் ஆர்டர் போட்டால் சில நாட்களில் வின்ச் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஆனால், அதை மாட்டப்போகும் ஜீப்பின் சேஸுக்கு வயது 30, 35 இருக்கும். இந்தப் புது மோட்டாரையும் அந்தப் பழைய இரும்பையும் இணைக்கும் ‘மவுன்ட்’ எனும் தாங்கிதான் மொத்த இழுவையையும் சுமக்கிறது. வின்ச்சின் பிராண்டுக்காக ரிவ்யூ பார்க்கும் அளவுக்கு, இந்த மவுன்ட்டைப் பற்றி யோசிக்கிறோமா?

1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தத் தொடங்கியது மஹிந்திரா. அதன் பழைய சிஜே, எம்எம் 540 ரக வண்டிகள் இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலை எஸ்டேட் பாதைகளில் ஓடுகின்றன. கேரளாவின் சூரியநெல்லியில் இருந்து தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான பாதை ஜீப்புக்கென்றே பேர்போனது. இதுபோன்ற ஒரு பழைய வண்டியை வாங்கி, ரெடி பண்ணி, வார இறுதியில் மலையேறுவது இப்போது இளைஞர்கள் பலரின் ஆசை. அந்த ‘ரெடி பண்ணும்’ லிஸ்ட்டில் வின்ச்சுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு.

மாட்டலாமா? மாட்டலாம். ஆனால், அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

வின்ச் என்ன செய்கிறது?

வண்டியின் முன்னால் ஒரு மோட்டார், அதோடு ஓர் உருளை, உருளையில் சுற்றிய ரோப். சேற்றில் டயர் புதைந்துவிட்டால், ரோப்பை இழுத்துப் போய் மரத்திலோ இன்னொரு வண்டியிலோ மாட்டி, சுவிட்ச்சை அமுக்கினால் வண்டி தன்னைத் தானே வெளியே இழுத்துக்கொள்ளும். மரத்தில் மாட்டும்போது ரோப்பை நேரடியாகச் சுற்றாமல் அகலமான பட்டை போட வேண்டும். இல்லையென்றால் பட்டை உரிந்து மரமே பட்டுப்போகலாம்.

எவ்வளவு திறன் வேண்டும்? ஆட்கள், லக்கேஜ் எல்லாம் சேர்த்து வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு என்பது பொதுவான கணக்கு. மொத்த எடை 2,200 கிலோ என்றால் 3,300 கிலோ. அப்படியானால் 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,600 கிலோ வின்ச் போதும்.

இதில் ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரியாது. பெட்டியில் அச்சடித்திருக்கும் திறன், உருளையில் ரோப் ஒரே ஒரு அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. அடுக்குகள் கூடக்கூட இழுவை குறையும். உருளை நிறைய ரோப் இருந்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும்.

‘அப்போ 12,000 பவுண்டு வாங்கிட்டா பிரச்சினை முடிஞ்சுதே’ என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். பெரிய வின்ச் என்றால், வண்டி வெளியே வராதபோது அது ஃப்ரேமை அவ்வளவு பலமாக இழுக்கும் என்று அர்த்தம். 35 வயது இரும்புக்கு அது பரிசு அல்ல, சோதனை.

ஃப்ரேமுக்கு உள்ளே என்ன நடக்கிறது?

ஜீப், டிரக் போன்ற வண்டிகளுக்கு அடியில் ஏணி மாதிரி ஒரு சட்டம் இருக்கும். நீளவாக்கில் இரண்டு சேனல்கள், குறுக்கே சில இணைப்புகள். இன்ஜின், பாடி, ஸ்பிரிங் எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன. சேனலின் வெட்டுமுகம் ‘ப’ எழுத்தைச் சாய்த்து வைத்ததுபோல இருக்கும். செங்குத்தாக ஒரு சுவர், மேலும் கீழும் இரண்டு விளிம்புகள்.

பள்ளிக்கூட அழிரப்பரை எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் விரியும், எதிர்ப்பக்கம் சுருங்கும், நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஃப்ரேமும் அப்படித்தான். பள்ளத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதிக அழுத்தம் மேல், கீழ் விளிம்புகளுக்கே. நடுச்சுவர் ஓரளவு நிம்மதியாக இருக்கும். ஓட்டை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதற்கான பதில் இதில்தான் இருக்கிறது.

அடுத்தது உயரம். வின்ச் பெரும்பாலும் ஃப்ரேமுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஃப்ரேமில் இருந்து 20 செ.மீ. உயரத்தில் 3,000 கிலோ இழுவை விழுந்தால், அது மவுன்ட்டை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கும். மவுன்ட்டின் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே 20 செ.மீ. மட்டுமே இருந்தால், கவிழாமல் பிடித்து வைக்க அங்கே தலா 3,000 கிலோ விசை மேலும் கீழுமாக வேலை செய்யும். அதே இடைவெளியை 40 செ.மீ. ஆக்கினால் 1,500 கிலோவாகக் குறையும். மவுன்ட் தகடு ஃப்ரேமை ஒட்டி எவ்வளவு பின்னால் நீள்கிறதோ, அவ்வளவு நல்லது. பம்பர் இருந்த இடத்தில் நான்கு போல்ட் போட்டு ‘முடிஞ்சது சார்’ என்று சொல்வது ஏன் போதாது என்பது இப்போது புரிந்திருக்கும்.

வண்டி எப்போதும் நேராகவே சிக்காது. பக்கவாட்டில் சாய்வாக இழுக்கும்போது ஒரு பக்கச் சேனல் மட்டும் அதிகச் சுமையை வாங்கும். அதனால் மவுன்ட் இரண்டு சேனல்களையும் ஒரே தகட்டால் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

கப்பி போட்டு ரோப்பை இரண்டு மடங்காக்கினால் வின்ச்சுக்கு வேலை பாதியாகும். ஆனால், கொக்கியைத் திரும்ப வண்டியிலேயே மாட்டும்போது மொத்த இழுவை இரண்டு மடங்காகும். வின்ச் 3 டன் இழுத்தால் ஃப்ரேமில் விழுவது 6 டன். எனவே கொக்கிக்கு ஃப்ரேமில் தனி இடம் வேண்டும். மவுன்ட்டிலேயே மாட்டக்கூடாது.

பழைய ஃப்ரேமை எப்படிச் சோதிப்பது?

பெயின்ட் அடித்த ஃப்ரேம் எல்லாமே அழகாகத்தான் தெரியும். வண்டி விற்பவர்கள் அடியில் கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுப்பது சகஜம். அதனால் முன்பகுதியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பார்க்க வேண்டும்.

- வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்த பிறகு, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகவும். நல்ல இரும்பு ‘டங்’ என்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடம் ‘டொப்’ என்று அடங்கும்.

- இரண்டு சேனல்கள் சேர்ந்து பெட்டிபோல மூடியிருக்கும் இடங்களைக் கூடுதலாகக் கவனிக்கவும். தண்ணீரும் சேறும் உள்ளே தங்கி, வெளியே தெரியாமலே துருப்பிடிக்கும்.

- முன் ஸ்பிரிங் மாட்டும் இடம், ரிவெட் அடித்த இடங்கள், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள் ஆகிய மூன்றிலும்தான் விரிசல் பெரும்பாலும் தொடங்கும். சந்தேகம் இருந்தால் ‘டை பெனட்ரன்ட்’ எனும் சாயச் சோதனை செய்யலாம். சாயத்தைத் தடவித் துடைத்து, அதன் மேல் டெவலப்பர் அடித்தால், தலைமுடி அளவு விரிசலும் கோடாகத் தெரியும்.

- பழைய வெல்டிங் தையல்கள் இருந்தால், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்கவும். ஒரு முறை விபத்தில் வளைந்து நிமிர்த்திய ஃப்ரேம் என்றால் மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து பார்ப்பது அவசியம்.

- அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமனை அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. 3 மி.மீ. தகடு 2 மி.மீ. ஆகியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு இரும்பு போயாச்சு.

ஒரு நல்ல ‘8.8’ கிரேடு எம்12 போல்ட், இழுவிசையில் சுமார் 5 டன் தாங்கும். ஆக, போல்ட் அறுவது அரிது. போல்ட்டைச் சுற்றியிருக்கும் துருப்பிடித்த தகடு பேப்பர் மாதிரி கிழிந்துகொண்டு வருவதுதான் ஆபத்து. அப்படி வந்தால் 40 கிலோ வின்ச், மவுன்ட்டோடு சேர்ந்து ரோப்பின் திசையில் பறக்கும். அந்தத் திசையில் பெரும்பாலும் யாராவது நின்று கையசைத்து வழிகாட்டிக்கொண்டு இருப்பார்கள்.

ஓட்டை எங்கே போடலாம்?

நடுச்சுவரில் மட்டும். மேல், கீழ் விளிம்புகளில் கூடவே கூடாது. ஏற்கெனவே கம்பெனி போட்ட ஓட்டைகள் இருந்தால் முதலில் அவற்றைப் பயன்படுத்தலாம்.

ட்ரில்லால்தான் போட வேண்டும். கேஸ் கட்டரால் ஊதிப் போட்ட ஓட்டையின் ஓரம் ரம்பம்போல இருக்கும். விரிசல் அங்கிருந்தே கிளம்பும். ட்ரில் போட்ட பிறகும் ஓரத்தை மழுங்கத் தேய்த்து பிரைமர் அடிக்கவும். ஓட்டையின் மையத்துக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது போல்ட் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி இருக்கட்டும்.

பெட்டிபோல மூடிய ஃப்ரேமில் போல்ட்டை ஊடுருவிப் போட்டு முடுக்கினால் இரண்டு சுவர்களும் உள்ளே அமுங்கிவிடும். அதைத் தடுக்க உள்ளே கனமான குழாய்த் துண்டு ஒன்றைப் புஷ்ஷாகக் கொடுத்து, அதன் வழியே போல்ட் போட வேண்டும். திறந்த சேனல் என்றால் உள்பக்கமும் ஒரு தகடு வைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே ஃப்ரேமைக் கவ்விப் பிடிப்பது நல்ல முறை.

வெல்டிங்கா, போல்ட்டா?

பட்டறையில் வேகமாக முடியும் வேலை வெல்டிங்தான். ஆனால், வெல்டிங் தையலை ஒட்டிய இரும்பு சூட்டில் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். சேனலுக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு வெல்டிங் போட்டால், பின்னாளில் அந்தக் கோட்டை ஒட்டியே ஃப்ரேம் பிளக்கலாம். பெரிய லாரிகள் பலவற்றின் ஃப்ரேம் சூட்டில் பதப்படுத்திய உயர்வலு இரும்பு. அவற்றில் வெல்டிங் வைத்தால் அந்தப் பதமே போய்விடும்.

பழைய ஜீப்புக்கு போல்ட் போட்ட மவுன்ட் பாதுகாப்பானது. பிரச்சினை என்றால் கழற்றிப் பார்க்கலாம், மாற்றலாம். தேய்ந்த இடத்தில் பலம் சேர்க்க தகடு வைத்து வெல்டிங் போட்டே ஆக வேண்டும் என்றால், தகட்டின் முனைகளை நேராக வெட்டாமல் சரிவாகக் கூர்மையாக்க வேண்டும். அப்போது அழுத்தம் ஒரே கோட்டில் குவியாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல், டீசல் குழாயும் பிரேக் குழாயும் ஃப்ரேமை ஒட்டித்தான் போகும் என்பது நினைவிருக்கட்டும்.

எடையும் கரண்ட்டும்

ஸ்டீல் ரோப்போடு ஒரு வின்ச் 35 முதல் 45 கிலோ. மவுன்ட் சேர்த்தால் இன்னும் கூடும். இந்த எடை முழுவதும் முன் ஆக்ஸிலுக்கும் முன்னால் தொங்கும். பழைய பட்டை ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் வண்டியின் மூக்கு இறங்கிவிடும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் வின்ச் மறைக்கலாம். சிந்தெடிக் ரோப் போட்டால் பல கிலோ மிச்சமாகும். அறுந்தாலும் ஸ்டீல் ரோப் மாதிரி சாட்டையாக வீசாது. ஆனால் கூர்மையான பாறையில் உரசினால் சீக்கிரம் கிழியும்.

9,500 பவுண்டு ரக வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் இழுக்கும். பழைய ஜீப் ஆல்டர்னேட்டர் அதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே பெரிய விஷயம். மீதி முழுக்க பேட்டரியில் இருந்து போகிறது. அதனால் நல்ல பேட்டரி, தடிமனான கேபிள், அவசரத்துக்குத் துண்டிக்க ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் மூன்றும் வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டிக்கு முன்னால் பொருத்தும் கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பாதசாரி மீது மோதினால் காயம் மோசமாகும் என்பது முக்கியக் காரணம். முன்னால் துருத்தி நிற்கும் வின்ச் பம்பரும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கப்படலாம்.

பழைய ஜீப்புக்கு இது வெறும் பேப்பர் விஷயமல்ல. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டி ஆர்டிஓ ஆபீஸில் சோதனைக்கு நிற்கும். எனவே இரும்பை வெட்டும் முன்பே ஆர்டிஓ ஆபீஸிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டறையில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. மவுன்ட் இரண்டு சேனல்களையும் சேர்த்துப் பிடிக்கிறதா? எவ்வளவு நீளத்துக்குப் பின்னால் போகிறது?

2. ஓட்டைகள் நடுச்சுவரில்தானா? ட்ரில்லா, கேஸ் கட்டரா?

3. போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று அச்சு இருக்கிறதா? அச்சே இல்லாத போல்ட் என்றால் வேண்டாம்.

4. முடுக்குவது டார்க் ரென்ச்சிலா, கை அழுத்தத்திலா? முதல் முறை இழுத்த பிறகு மறுபடி பார்த்துத் தருவார்களா?

5. ஃப்ரேம் சரியில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று சொல்வார்களா?

கடைசிக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டியதில்லை. டயருக்கு அடியில் போடும் ரிக்கவரி பலகைகள், ஒரு மண்வெட்டி, டயர் காற்றைக் குறைத்து மீண்டும் நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர், கூட வர இன்னொரு வண்டி. சேற்றில் சிக்கும் பெரும்பாலான நேரங்களில் இவையே போதும். வின்ச்சுக்கு எடுத்து வைத்த காசில் முதலில் ஃப்ரேமைச் சரிசெய்துவிட்டால், அடுத்த வருஷம் வின்ச் மாட்டும்போது அதைப் பிடித்து நிற்க நல்ல இரும்பு இருக்கும்.