லோயர் கேம்ப் தட்பவெப்பநிலை

லோயர் கேம்ப் என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், கூடலூருக்கும் குமுளிக்கும் இடையே மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் ஆகும். கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியான இவ்வூரின் மேற்கே ஏலக்காய் மலைகளும், பள்ளத்தாக்கின் கிழக்கே மேகமலையும் உள்ளன. இப்பகுதியின் பருவநிலையை இம்மலைகளே தீர்மானிக்கின்றன.

தென்மேற்குப் பருவக்காலம்

சூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து, கேரளப் பகுதியில் பெருமழையாகப் பொழிகிறது. மலையைக் கடந்து கீழிறங்கும்போது அக்காற்று வெப்பமடைந்து ஈரத்தை இழக்கிறது. எனவே குமுளியில் அடைமழை பெய்யும் நாளிலும், சில கிலோமீட்டர் கீழேயுள்ள லோயர் கேம்ப்பில் சாரலும் பலத்த காற்றும் மட்டுமே இருப்பதுண்டு. பள்ளத்தாக்கில் வடக்கே செல்லச் செல்ல சாரலும் குறைகிறது. இதுவே மழைமறைவுப் பகுதி எனப்படுகிறது.

வடகிழக்குப் பருவக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலிலிருந்து வரும் காற்று பள்ளத்தாக்கிற்கு நேரடி மழையைத் தருகிறது. கிணறுகளும் கண்மாய்களும் நிறைவது பெரும்பாலும் இக்காலத்தில்தான். சனவரி, பிப்ரவரி மாதங்களில் இரவில் குளிரும் காலையில் பனியும் காணப்படும்.

கோடைக்காலம்

மார்ச்சு முதல் மே வரை வெப்பம் மிகும். மலைப்புற்கள் காய்ந்து காட்டுத்தீ அபாயம் உண்டாகும். இம்மாவட்டத்தின் குரங்கணி மலையில் 2018 மார்ச்சு 11 அன்று ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் பெய்யும் கோடைமழை வெப்பத்தைத் தணித்தாலும், அதனுடன் வீசும் சூறைக்காற்று வாழைகளைச் சாய்த்துவிடுவதுண்டு.

வேளாண்மையும் மின்சாரமும்

மழைமறைவுப் பகுதியாக இருந்தும் இங்கு இருபோக நெல் விளையக் காரணம், 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையாகும். மலைக்கு அப்பால் பெய்யும் மழைநீர் தேக்கடியிலிருந்து சுரங்கப்பாதை வழியாகக் கிழக்கே திருப்பப்படுகிறது. அந்நீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பிலுள்ள பெரியாறு நீர்மின் நிலையத்தை இயக்குகிறது. பின்னர் ஆற்றில் கலந்து வயல்களுக்கும் வைகை அணைக்கும் செல்கிறது. மின் நிலையத்தின் தேவைக்கு மேற்பட்ட நீர் இரைச்சல்பாலம் வழியாகத் திறந்துவிடப்படுகிறது.

ஆகவே உள்ளூரில் நல்ல மழை பெய்தாலும், கேரளப் பகுதியிலுள்ள நீர்ப்பிடிப்பில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் சூன் மாதத்தில் முதல்போகத்திற்கு நீர் திறப்பது தள்ளிப்போகும். மின் உற்பத்தியும் குறையும். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்நீரை நம்பியுள்ளது.

திராட்சைக்கு இதன் எதிர்நிலை பொருந்தும். மிதமான, வறண்ட காலநிலையால் இங்கு ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை அறுவடையாகிறது. 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பழம் முதிரும்போது தொடர்மழை பெய்தால் பழங்கள் வெடித்து அழுகும். நெல் விவசாயி எதிர்பார்க்கும் மழையே, சில நாட்கள் நீடித்தால், அடுத்த தோட்டத்தின் திராட்சை விவசாயிக்கு இழப்பாகிவிடுகிறது.