உங்களுக்குத் தெரியுமா? பேழைக்குள் ஒரு பாடும் பறவை
உள்ளங்கையில் அடங்கும் தங்கப் பேழையின் விசையைத் தள்ளியதும், முட்டை வடிவ மூடி திறக்க, கட்டைவிரல் நுனியளவே உள்ள ஒரு பறவை எழுந்து, அலகசைத்து, சிறகடித்துப் பாடிவிட்டுத் தானே மடங்கி உள்ளே மறையும் அதிசயத்தை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் கைவினைஞர்கள் சாதித்தார்கள். 1721இல் பிறந்த கடிகார மேதை பியேர் ஜாக்கே-துரோவும், அவருடைய கூட்டாளி லெஷோவும், பின்னர் ஜெனீவாவின் ரோஷா சகோதரர்களும் இக்கலையில் பிரசித்தி பெற்றவர்கள். ஸ்வரத்துக்கு ஒன்றாகப் பல குழல்களை அடுக்க இத்தனை சிறிய பேழையில் இடமேது? ஒரே சீழ்க்கைக் குழலுக்குள் நுண்ணிய உந்துதண்டை முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழைந்தோடும் நாதத்தைப் பெற்றார்களே, அதுவே இவர்களுடைய தலையாய சாதனை என்பேன். அந்தக் குழலுக்கு மூச்சளிப்பது ஒரு சிறு துருத்தி. ராகத்தை நிர்ணயிப்பவையோ, விளிம்பு மேடுபள்ளமாக அராவப்பட்டுச் சுழலும் உலோகத் தகடுகள்.