அமெரிக்க ஷட்டவுன்ல எச்-1பி ஏன் மாட்டுது? எல்லாம் ஒரு மசோதா செய்யுற வேலை!

2025 அக்டோபர்ல அமெரிக்கால இருக்கிற நம்ம ஆளுங்க சிலருக்கு ஒரு விசித்திரமான சிக்கல். கையில புது வேலை ஆஃபர் இருக்கு, கம்பெனியும் விசா மனு போட ரெடி. ஆனா ஃபைல் நகரல. காரணம், அரசாங்க ஷட்டவுன்.

"2018 கடைசியிலயும்தான் 35 நாள் ஷட்டவுன் நடந்துச்சு. அப்போ இப்படி ஆகலையே?"ன்னு கேட்பீங்க. சரியான கேள்வி. வாங்க பார்ப்போம்.

ஒரு பட்ஜெட் இல்ல, 12 மசோதா

அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல தொடங்குது. அதுக்குள்ள காங்கிரஸ் 12 செலவு மசோதாக்களை நிறைவேத்தணும். எந்த மசோதா நிக்குதோ, அதை நம்பியிருக்கிற துறைக்குத்தான் பணம் நிக்கும்.

தொழிலாளர் துறை, சுகாதாரம், கல்வி மூணும் பெரும்பாலும் ஒரே மசோதாவுக்குள்ள வருது. மருத்துவ ஆராய்ச்சி, ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட், காலேஜ் மாணவர்களுக்கான பெல் கிராண்ட் எல்லாம் இதுலதான்.

இதுக்கும் எச்-1பிக்கும் என்ன சம்பந்தம்?

எச்-1பி மனுவை வாங்குற யூஎஸ்சிஐஎஸ் பெரும்பாலும் நாம கட்டுற ஃபீஸ்ல ஓடுது. அதனால ஷட்டவுன்லயும் திறந்திருக்கும். ஆனா மனுவோட எல்சிஏ-ன்னு ஒரு சான்று இணைக்கணும். அதைக் கொடுக்கிறது தொழிலாளர் துறை. கடை திறந்திருக்கு, டோக்கன் கவுண்டர் மட்டும் மூடியிருக்கு. அதான் கதை!

2018 செப்டம்பர்லயே இந்த மசோதா கையெழுத்தாயிடுச்சு. அதனால டிசம்பர்ல ஷட்டவுன் வந்தப்போ தொழிலாளர் துறை வழக்கம்போல ஓடுச்சு. 2025-ல ஷட்டவுன் தொடங்கினப்போ எந்த மசோதாவும் நிறைவேறியிருக்கல. அக்டோபர் 1-ல நின்ன எல்சிஏ வேலை, மாசக் கடைசிலதான் திரும்ப ஆரம்பிச்சது. ஷட்டவுன் மொத்தம் 43 நாள்.

யாருக்கு அடி?

வேலை போன எச்-1பிக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். செப்டம்பர் 1 கடைசி வேலை நாள்னு வச்சுக்கோங்க. அவகாசம் அக்டோபர் 31-ல முடியும். அதுல பாதி நாள் கவுண்டரே மூடியிருந்தா? ஷட்டவுனால தாமதம்னு காட்டினா யூஎஸ்சிஐஎஸ் ஏத்துக்க வாய்ப்பு உண்டு. ஆனா அதை உத்தரவாதமா நினைச்சு உட்கார்ந்துடாதீங்க.

நாம என்ன செய்யலாம்?

1. செப்டம்பர் மாசம் "ஷட்டவுன் வருமா?"ன்னு மட்டும் பார்க்காதீங்க. "லேபர் மசோதா கையெழுத்தாச்சா, இல்ல தற்காலிக நிதி நீட்டிப்பாவது வந்துச்சா?"ன்னு பாருங்க.

2. வேலை மாறப் போறீங்களா? செப்டம்பர் நடுவுலயே எல்சிஏ போடச் சொல்லுங்க. சான்று வர வழக்கமா 7 வேலை நாள் ஆகும். சேர்ற தேதிக்கு 6 மாசம் முன்னாடியே போடலாம். கையில வந்த எல்சிஏ ஷட்டவுன்லயும் செல்லும்.

3. எமர்ஜென்சி ஃபண்ட் கண்டிப்பா வேணும். 6 மாசச் செலவோட, குடும்பத்துக்கு ஊர் திரும்புற டிக்கெட் காசும் சேர்த்து, உடனே எடுக்கிற மாதிரி வைங்க. பங்குச் சந்தையில போடாதீங்க.

வாஷிங்டன்ல நடக்கிற சண்டை நம்ம கையில இல்ல. முன்கூட்டியே தயாரா இருக்கிறது நம்ம கையிலதான் இருக்கு.

குறிப்பு: இது பொதுவான தகவல்தான். உங்க விசா விஷயத்துக்கு இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்டுட்டு முடிவெடுங்க.