உங்களுக்குத் தெரியுமா? நழுவும் சட்டம், இணையும் படம்

1858இல் புகைப்படக் கலைஞர் லினேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானக் கல்வெட்டுகளைக் கேமராவை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தார். 21 அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார்.

இன்று இதே உத்தியின் ஒரு வடிவத்தில் கேமரா நகராது; ஃபிலிமுக்குப் பதில் பொருத்தும் சென்சார் பகுதியான டிஜிட்டல் பேக் மட்டுமே நகரும். 4×5 அங்குல ஃபிலிமுக்கான வியூ கேமராவில், பெரிய டிஜிட்டல் பேக்கின் சென்சார்கூட ஏறத்தாழ 54×40 மி.மீ. தான்; ஃபிலிமைவிட மிகச் சிறியது. எனவே கேமராவின் பின்புறம் நழுவும் சட்டம் ஒன்று பொருத்தப்படுகிறது. தேய்கண்ணாடியில் ஃபோகஸ் பார்த்தபின், பேக்கை அந்த இடத்துக்கு நகர்த்தி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இரண்டு மூன்று படங்கள் எடுக்கப்படுகின்றன. வெளிச்சமும் எக்ஸ்போஷரும் மாறக்கூடாது. லென்ஸின் பிம்ப வட்டமும் பெரிதாக இருக்க வேண்டும்.

லென்ஸ் அசையாததால் பார்வைப் புள்ளி மாறாது. தட்டையாக விரித்த ஆரணிப் பட்டு முந்தானையின் ஜரிகைக் கோடுகள்கூட முறியாமல் இணையும்.